மண்ணுக்குள் உறங்கும் மது: ஜோர்ஜிய நாட்டு வீட்டு வைனின் கதை

வைன் என்ற மாத்திரத்தே நம்மவர் உள்ளத்தில் எழுவது, பெரிய ஹோட்டல்களின் மேசைமீது பளபளக்கும் கண்ணாடிக் கிண்ணமும், வாயில் நுழையாத பிரெஞ்சுப் பெயர் பொறித்த போத்தலும், அதன்மீது ஒட்டிய பெரு விலையுமேயாகும். செல்வர்க்கே உரிய பானம் அது என்பது பலரது முடிவு. ஆனால், மாங்காய் மலிந்த காலத்தில் நம் வீடுகளிலே ஊறுகாய் போட்டு வைப்பதுபோலவும், வெயிற் காலத்தில் ஒடியலும் மோர்மிளகாயும் உலர்த்தி வைப்பதுபோலவும், குடும்பத்துக்கு வேண்டிய வைனைக் குடியானவர் ஆண்டுதோறும் தாமே ஆக்கி வைத்துக்கொள்ளும் நாடொன்று உண்டு. அதுவே ஜோர்ஜியா.

கருங்கடலின் கீழ்க்கரையிலே, காக்கசஸ் மலைத்தொடரின் தெற்கே அமைந்தது அந்நாடு. பரப்பிலே நம் இலங்கையைவிடச் சற்றே பெரியது. குடிசனத்தொகையோ 40 இலட்சத்துக்குங் குறைவு. எனினும், அங்கே வழங்கும் திராட்சை இனங்கள் 500க்கு மேற்பட்டவை. யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் முந்திரிகை என்று வழங்கும் அக்கொடி, அங்குள்ள கிராமத்து வீடுகளின் முற்றங்களிலே பந்தலேறிப் படர்ந்து நிற்கும். அம்மக்கள் வைனை ஆக்கும் முறை யாது, அது அவர்களுக்கு எளிதிற் கிடைப்பது எங்ஙனம், ஏழையின் முற்றத்தில் ஒதுங்கிக் கிடந்த அவ்வழக்கம் பின்னர் நாட்டுக்கே கைகொடுத்தது எவ்வாறு என்பவற்றை ஈண்டு நோக்குவோம்.

எண்ணாயிரம் ஆண்டுப் பழமை

தலைநகராகிய திபிலீசிக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவிலே கடாச்சிரிலி கோரா, சுலாவெரிஸ் கோரா என இரண்டு தொல்பொருள் மேடுகள் உள்ளன. அங்கு அகழ்ந்தெடுக்கப்பட்ட மட்பாண்ட ஓடுகளை அமெரிக்க அறிஞர் பற்றிக் மக்கவர்ன் முதலியோர் இரசாயன முறையில் ஆராய்ந்தனர். ஓடுகளின் உட்புறத்திலே தாத்தாரிக் அமிலத்தின் சுவடு படிந்திருந்தது. நம் சமையலறைப் பழப்புளியின் புளிப்புக்கும் இவ்வமிலமே காரணம். ஆனால், அந்நிலப் பகுதியில் அது பெருமளவில் உண்டாவது திராட்சையிலேதான். அப்பாண்டங்கள் கி.மு. 6000க்கும் கி.மு. 5800க்கும் இடைப்பட்ட காலத்தவை என்று 2017ஆம் ஆண்டில் அவ்வறிஞர்கள் வெளியிட்டனர். திராட்சை மது ஆக்கியதற்கு இதுகாறும் கிடைத்த மிகப் பழைய சான்றுகளுள் இது தலையாயது. எகிப்தில் பிரமிட்டுகள் எழுவதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியே அம்மலைநாட்டு மக்கள் திராட்சைச் சாற்றைப் பாண்டங்களில் இட்டு வைத்திருந்தனர் என்பது எண்ணி வியக்கற்பாலது.

புதைத்து வைத்த தாழி

ஜோர்ஜிய வைனின் இரகசியம் யாவும் ஒரு மட்பாண்டத்துள் அடங்கியிருக்கிறது. ‘குவெவ்ரி’ என்பது அதன் பெயர். நூதனசாலைகளிலே முதுமக்கட்டாழியைக் கண்டோர்க்கு அதன் தோற்றத்தை விளக்குதல் எளிது. அகன்ற தோளும், கீழ்நோக்கி ஒடுங்கிய வயிறும், கூரிய அடியும் உடைய பெருந்தாழி அது. நிமிர்த்தி வைத்த முட்டையை நிகர்க்கும். நம் முன்னோர் தாழியுள் இறந்தாரை இட்டுப் புதைத்தனர். அவர்களோ தாழியைப் புதைத்து அதனுள் திராட்சைச் சாற்றை இடுகின்றனர். வாய் மட்டும் நிலமட்டத்தில் தெரிய, எஞ்சிய உடல் முழுவதும் மண்ணுக்குள் மறைந்திருக்கும்.

இத்தாழிகள் குயவர் சக்கரத்திலே வனையப்படுவனவல்ல. களிமண்ணைத் திரியாக உருட்டி, ஒரு வளையத்தின்மேல் ஒரு வளையமாக, ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகக் கையினாலேயே உயர்த்துவர். கீழ்ப்பகுதி சற்று இறுகிய பின்னரே மேற்பகுதியை ஏற்றலாமாகையால், ஒரு பெருந்தாழி உருப்பெற வாரங்கள் பல செல்லும். பின்னர் சூளையிலே பல நாட் சுட்டு, சூடு முற்றும் ஆறுமுன் உட்புறத்திலே தேன்மெழுகைத் தடவுவர். மண்ணிலுள்ள நுண்துளைகளை மெழுகு அடைத்துவிடும். சில லீற்றர் கொள்ளும் சிறு தாழி முதல் பல ஆயிரம் லீற்றர் கொள்ளும் பெருந்தாழி வரை உண்டு. ககேத்தி மாகாணத்து வர்திசுபானி, இமெரெத்தி மாகாணத்து சுரோஷா முதலிய சில ஊர்களிலேயே இத்தொழில் வல்லோர் வாழ்கின்றனர். தந்தை புதைத்த தாழி மகனுக்கும் பேரனுக்கும் முதுசமாகச் செல்லும்.

வீட்டு வைன் ஆகும் விதம்

செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிலே திராட்சை அறுவடை நிகழும். உற்றாரும் அயலாரும் கூடி வந்து கைகொடுப்பர். பறித்த குலைகளை, பெருமரத்தைக் குடைந்து செய்த நீண்ட தொட்டியில் இட்டுக் காலால் மிதிப்பர். வழிந்தோடும் சாறு தாழியை அடையும். கிழக்கிலுள்ள ககேத்தி வழக்கப்படி சாற்றோடு தோல், விதை, காம்பு ஆகியவற்றையும் தாழியுள் இடுவர். மேற்கிலுள்ள இமெரெத்தியிலோ அவற்றிற் சிறு பங்கே சேர்ப்பர்.

இதன்பின் மனிதன் செய்வது சிறிது. இயற்கை செய்வதே பெரிது. பனைமரத்து முட்டியிலே சுண்ணாம்பு தடவினாற் கருப்பநீர், தடவாது விட்டாற் கள் என்பதை நம்மவர் அறிவர். முட்டியில் விழும் இனிய நீரைக் கள்ளாக மாற்றுவது மதுவம் என்னும் நுண்ணுயிர். அதுவே திராட்சைத் தோட்டத்திலும் வாழ்கின்றது; பழத்தோடும் பாத்திரத்தோடும் கலந்து வந்து சாற்றிலுள்ள சர்க்கரையை உண்டு, அற்ககோலையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் தருகின்றது. இதுவே நொதித்தல் எனப்படும். ஒரு லீற்றர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் நூற்றுக்கு ஒரு பங்கு அற்ககோல் உண்டாகும். நன்கு பழுத்த திராட்சையின் சாற்றில் லீற்றருக்கு 200 முதல் 220 கிராம் வரை சர்க்கரை இருப்பதால், நூற்றுக்கு 12 அல்லது 13 பங்கு அற்ககோல் உள்ள வைன் கிடைக்கின்றது. வெளியிலிருந்து சர்க்கரையோ மதுவமோ சேர்க்க வேண்டுவதில்லை.

நொதிக்கும்போது தோல்கள் மேலெழுந்து தடித்த ஆடைபோல் மிதக்கும். நாள்தோறும் பலமுறை நீண்ட கோலினால் அவற்றைச் சாற்றுள் அமிழ்த்த வேண்டும். தவறின் காற்றுப்பட்டுப் புளிப்பேறும். நொதித்தலினால் எழும் வெப்பத்தைச் சூழவுள்ள மண் உறிஞ்சிக்கொள்வதால் சாறு அளவுக்கு மீறிச் சூடேறுவதில்லை. கொதிப்பு அடங்கியபின் தோல்கள் தாமாகவே கீழே தாழும். விதைகள் கூரிய அடியில் ஒடுங்க, அவற்றின்மேல் தோல்கள் படிந்து மூடிக்கொள்ளும். விதையின் கசப்பு வைனில் மிகாதிருக்க இவ்வடிவம் உதவுகின்றது. பின்னர் தாழியின் வாயைக் கல்லினாலோ பலகையினாலோ மூடி, மண்ணிட்டு இறுக்கி, வசந்தகாலம் வரை ஐந்தாறு மாதம் உறங்கவிடுவர்.

திறக்கும்போது வெள்ளைத் திராட்சையில் ஆக்கிய வைனும் வெளிறியிராது. தோலோடு நெடுநாட் கிடந்தமையால் கடுந்தேனீரின் பொன்னிறம் பெற்றிருக்கும். வாயிற் சிறு துவர்ப்பும் தோன்றும். இரகாட்சிதேலி என்ற வெள்ளைத் திராட்சை இதற்குப் பேர்போனது. கருந்திராட்சையாகிய சாப்பெராவியோ மை போன்ற கருஞ்சிவப்பைத் தரும். எஞ்சிய சக்கையும் வீண்போவதில்லை. அதனை வாலையிலிட்டு ‘சச்சா’ என்னும் கடுஞ்சாராயம் வடிப்பர்.

மலிவும் அதன் விலையும்

கடையில் வாங்கும் ஒரு போத்தல் வைனுக்கு நாம் கொடுக்கும் பணத்திலே போத்தல், அடைப்பான், பெயர்த்தாள், கப்பற் கூலி, வரி, வியாபாரியின் இலாபம் என்பன யாவும் அடங்கியுள்ளன. முற்றத்துக் கொடியிற் பறித்து முற்றத்துத் தாழியில் இட்டதற்கு இவற்றுள் ஒன்றுமில்லை. சாடியில் மொண்டு மேசைக்குக் கொண்டுவரலாம். தேவைக்கு மிஞ்சியதைப் பழைய போத்தல்களில் நிரப்பித் தெருவோரத்தில் விற்போரும் உளர்.

ஆயினும், பணத்தாற் கொடாத விலையை உழைப்பாற் கொடுக்கவே வேண்டும். அவ்வுழைப்பிற் பெரும்பங்கு துப்புரவாகும். வெறுமையான தாழியைச் செரி மரப்பட்டையால் செய்த தேய்ப்பானாலும், சுண்ணாம்பு அல்லது சாம்பல் கலந்த நீராலும் பன்முறை தேய்த்துக் கழுவுவர். சிறிது அழுக்குத் தங்கினாலும் ஓராண்டு உழைப்பு வினாகிரியாகிவிடும். பெருந்தாழியைக் கழுவ ஒருவர் உள்ளே இறங்கவும் நேரும். நொதித்தலில் எழும் காபனீரொட்சைட்டுக் காற்றினும் கனமானது. பள்ளத்திலும் தாழியிலும் தங்கி நின்று மூச்சை அடைத்து உயிரையே போக்கவல்லது. நல்ல காற்றோட்டம் இல்லாவிடத்து அத்தொழில் ஆபத்தானது. வீட்டில் ஆக்கியதெல்லாம் சிறந்தது என்பதும் பொருந்தாது. கைத்திறன் உள்ள வீட்டில் அமுதம். அடுத்த வீட்டில் காடி. எங்கும் ஒரே சுவை என்ற உறுதியைத் தொழிற்சாலை தரலாம், தாழி தருவதில்லை.

நம் நாட்டிலோ மதுவரிச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றி மது ஆக்குதல் குற்றமாகும் என்பதையும் வாசகர் நினைவிற் கொள்க.

பந்தியின் ஒழுங்கு

இவ்வளவு வைன் வீட்டில் இருந்தால் குடும்பம் சீரழியாதா என்று நம் தாய்மார் வினவுவர். கேட்க வேண்டிய கேள்வியே. ஜோர்ஜியர் விருந்தை ‘சுப்ரா’ என்பர். அதற்கு ‘தமாதா’ எனும் ஒரு தலைவர் உண்டு. அவர் எழுந்து ஒரு பொருள் குறித்துப் பேசி வாழ்த்துக் கூறிய பின்னரே கிண்ணங்கள் உயரும். இறைவன், நாடு, இறந்தோர், பெற்றோர், பிள்ளைகள், விருந்தினர் என வாழ்த்து வரிசை நீளும். நினைத்தபோது நினைத்தவர் குடிப்பது முறையன்று. நிலைதவறித் தள்ளாடுதல் தமாதாவுக்குப் பேரிழிவு. 4ஆம் நூற்றாண்டில் அந்நாட்டிற்குக் கிறிஸ்து சமயத்தைக் கொணர்ந்த புனித நினோ, திராட்சைக் கொடித்தண்டுகளைத் தம் கூந்தலாற் பிணைத்துச் சிலுவை செய்தார் என்பது அவர்தம் ஐதிகம். ஆகவே அக்கொடியும் அதன் இரசமும் அவர்க்குப் புனிதமானவை.

எனினும், ஒழுங்கு இருப்பதாற் கேடே இல்லை எனல் பொருந்தாது. அற்ககோலில் உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவு என ஒன்றில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2023இல் அறிவித்தது. வீட்டில் ஆக்கியது என்பதற்காக அவ்விதி தளர்வதில்லை.

புயல்களும் பிழைப்பும்

1921ஆம் ஆண்டு செஞ்சேனை புகுந்தது முதல் 1991இல் மீண்டும் சுதந்திரம் பெறும்வரை ஜோர்ஜியா சோவியத் ஆட்சியின்கீழ் இருந்தது. பரந்த சோவியத் நாடு முழுவதற்கும் வைன் அனுப்ப வேண்டியிருந்தமையால், அரசாங்கத் தொழிற்சாலைகள் அளவையே கருதின, மிகுதியாகக் காய்க்கும் சில இனங்களே பெருந்தோட்டங்களில் இடம்பெற்றன, தாழி ஒதுக்கப்பட்டது. பழைய இனங்கள் பல குடியானவரின் வீட்டுக் கொல்லைகளிலே உயிர் பிழைத்தன. 1985இல் கோர்பச்சேவ் மதுவிலக்கு இயக்கத்தைத் தொடங்கியபோது திராட்சைத் தோட்டங்கள் பல வேரோடு பிடுங்கப்பட்டன. அப்போதும் வீட்டு முற்றத்துத் தாழிகள் எஞ்சின.

அதனினும் பெரிய அடி 2006இல் விழுந்தது. ஜோர்ஜியா ஏற்றுமதி செய்த வைனில் முக்காற் பங்குக்கு மேல் வாங்கிவந்த ருஷ்யா, தரம் போதாது என்று கூறி இறக்குமதியைத் தடைசெய்தது. அரசியற் பகையே காரணம் என்றனர் ஜோர்ஜியர். எவ்வாறாயினும், விற்பனைச் சந்தை ஒரே நாளில் மூடியது. திராட்சை பயிரிட்டோர் திகைத்தனர். மேலைநாடுகளில் வைன் விற்க வேண்டுமாயின், பிறரிடம் இல்லாத ஒன்றைக் காட்ட வேண்டும். அவ்வாறு காட்டத்தக்கதாக அவர்களிடம் இருந்தது எது? பாட்டன் புதைத்த தாழியும் அதனைக் கையாளும் அறிவுமே. தொழிற்சாலைகள் மறந்ததைக் குடியானவர் மறந்திருக்கவில்லை. தாழி வைன் வெளிநாட்டு மேசைகளை அடைந்தது. 2013இல் ருஷ்யா தடையை நீக்கியது. அவ்வாண்டிலேயே யுனெஸ்கோ ஸ்தாபனமும் குவெவ்ரி முறையை மானிட குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

நாகரிகம் வளர்ந்தபின் நமக்கெதற்கு என்று கைவிடப்படும் வீட்டுத் தொழில்கள் எத்தனை! அவற்றுள் எது என்றைக்குக் கைகொடுக்கும் என்று முன்கூட்டி உரைப்பார் யார்? ஜோர்ஜியக் குடியானவன் நாட்டுப் பெருமையைக் காப்பதற்காகத் தாழியைப் பேணினானல்லன். கடையில் வாங்க வசதியில்லை, வீட்டுக்கு விருந்து வரும், பிள்ளைக்குக் கலியாணம் வரும், ஆகவே பேணினான். இன்று அதே தாழி வைன் அந்நிய நாட்டுக் கடைகளில் உயர்ந்த விலைக்கு விற்கின்றது; ககேத்தியின் கிராமத்து வீட்டிலோ விருந்தாளிக்கு அது சாடியில் இலவசமாக வருகின்றது. ஆனால், களிமண் திரியை வளையம் வளையமாக ஏற்றி ஆள் உயரத் தாழி செய்யவல்ல கைகள் அங்கும் சிலவே. அக்கைகளுக்கு மாணாக்கர் கிடைக்கும்வரைதான் அந்த மண்ணுக்குள் மது உறங்கும்.