உயிரோடிருப்போரின் துயரும் திரைக்கதையும்

உண்மையில் நிகழ்ந்த குற்றத்தை நாடகமாகவோ திரைப்படமாகவோ ஆக்குவோர், காண்போர் அக்கொடுமையை வெறுக்கும்படி செய்வதே தம் நோக்கம் என்பர். இதனைப் பொய்யென்று நாம் தள்ளிவிட இயலாது. ஆயினும் இது காண்போரைக் குறித்த நியாயமேயன்றித் துன்புற்றவரைக் குறித்ததன்று.

1994இல் சேகர் கபூர் இயக்கி வெளிவந்த 'பாண்டிட் குயின்' திரைப்படத்தை இதற்குச் சான்றாகக் கொள்வோம். உத்தரப் பிரதேசத்தில் மல்லா சாதியிற் பிறந்து, கொள்ளைக் கூட்டத் தலைவியாகி, 1983இல் சரணடைந்த பூலான் தேவியின் கதை அது. விசாரணை முடிவின்றி 11 ஆண்டுகள் சிறையிலிருந்து அவர் விடுதலையான ஆண்டிலேயே படமும் வெளிவந்தது. அவருக்கு இழைக்கப்பட்ட பாலியல் வன்கொடுமையைப் படம் விரிவாகக் காட்டியதோடு, இஃது உண்மைக் கதை என்றும் அறிவித்தது. தாம் வெளிப்படையாகப் பேசத் தயங்கிய ஒன்று, தம் பெயராலேயே, தம் இசைவின்றித் திரையேறுகிறது என்று அவர் தில்லி உயர்நீதிமன்றத்தில் முறையிட்டு இடைக்காலத் தடை பெற்றார். 1981இல் பெஹ்மாய் ஊரில் 20 ஆண்கள் கொல்லப்பட்ட வழக்கும் அப்போது முடிந்திருக்கவில்லை. (அதில் தீர்ப்பு வந்தது 2024இல்தான்.) அக்கொலைக்களத்தில் அவர் நின்றதாகப் படம் காட்டியது, அவரோ அதனை மறுத்து வந்தவர். பின்னர் உடன்பாடு ஏற்பட்டு அவர் வழக்கைக் கைவிட்டார்.

வேறொருவர் தொடுத்த வழக்கில், 1996இல் உச்சநீதிமன்றம், அக்காட்சிகள் இச்சையைத் தூண்டாமல் அருவருப்பையே எழுப்புகின்றன எனக் கருதிப் படத்தை அனுமதித்தது. தணிக்கைச் சட்டத்தின் வினாவிற்கு இது தக்க விடையே. ஆனால் பூலான் தேவி எழுப்பிய வினா அதுவன்று. அவர் தம் கதையைச் சொல்ல மறுத்தவரும் அல்லர். எழுதப் படிக்க அறியாத நிலையிலும், 1996இல் வெளிவந்த தன்வரலாற்றைத் தாமே வாய்மொழியாகக் கூறி எழுதுவித்தார். எதை, எவ்வளவு, யாரிடம் சொல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையையே அவர் கேட்டார்.

இவ்விடத்தில் 2 சாமுவேல் 12ஆம் அதிகாரம் நமக்குத் துணைபுரிகிறது. இறைவாக்கினர் நாத்தான், பத்சேபாள் உயிரோடு அரண்மனையில் இருக்கையில், அவளுக்கும் உரியாவுக்கும் இழைக்கப்பட்ட குற்றத்தைக் கதையாக்குகிறார். பெண்ணை ஆட்டுக்குட்டியாக உருவகித்தது குறித்துப் பெண்ணிய வாசிப்பினர் கூறும் குறை நியாயமானதே. அதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. எனினும் அக்கதையில் அவள் உடலும் இல்லை, நீராடிய காட்சியும் இல்லை. கேட்பவன் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தானும் அல்லன், குற்றம் செய்தவனே. தாவீதின் சினம் மூண்ட பின்னரே மறைவு விலகுகிறது. அப்போது சுட்டிக்காட்டப்படுபவனும் அவனே.

திரைப்படத் துறையினரைக் குறித்து இவ்வளவு பேசிவிட்டு நம் பிரசங்க மேடையை விட்டுவிடுதல் முறையாகாது. ஒரு குடும்பத்தில் நிகழ்ந்த கொலையையோ வன்கொடுமையையோ அருளுரைக்கு எடுத்துக்காட்டாக்குவதும், வாலிபர் ஐக்கியத்தின் நாடகத்திற்குக் கருப்பொருளாக்குவதும் நம்மிடையே உண்டு. பெயரைச் சொல்லவில்லையே என்று நாம் அமைதிகொள்கிறோம். ஆனால் சிற்றூர்ச் சபையில் ஆண்டும் தொழிலும் தெருவும் போதும், ஆளை அடையாளம் காண. அந்த ஆராதனையில் அவருடைய தாயார் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். நாத்தான் பெயரை மட்டுமல்ல, அரண்மனையையும் படையையும் போரையும்கூடத் தம் கதையிலிருந்து நீக்கிவிட்டார்.