எலி நீந்திய நேரமும் வீரர் ஓடிய நேரமும்

தசரா நெருங்கும் மாதங்களில் மைசூருவின் கரடி மனைகளில், அதாவது பழைய குஸ்திக் கூடங்களில், விடிவதற்கு முன்பே தண்டாலும் பஸ்கியும் தொடங்கிவிடும். செம்மண் களத்தில் பிடி பழகிவிட்டு வரும் பயில்வான்களுக்குப் பாதாம், பால், நெய், ராகிக் களி. உடலை உரமேற்றும் உணவு பற்றி இங்கே தலைமுறை தலைமுறையாக ஓர் அறிவு இருக்கிறது.

இதே ஊரில்தான் உணவைப் பற்றிய இந்தியாவின் பெரிய ஆய்வு நிறுவனங்களில் இரண்டு அமைந்தன. 1950-ல் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1961-ல் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம் வந்தது. பின்னதன் வேலை, ராணுவ வீரருக்குச் சோறு போடுவது. பனிமலை உச்சியில் பசி குறையும், ஆனால் உடலின் சக்தித் தேவை கூடும். எடை குறைவாக, கெடாமல், வாய்க்கு ருசியாக இருந்தால்தான் அங்கே உணவு உள்ளே இறங்கும். 1984-ல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குச் சென்றபோது அவருக்கான இந்திய உணவும் இங்கிருந்துதான் போனது.

வீரரின் களைப்பைத் தள்ளிப்போட முடியுமா என்பது இப்படிப்பட்ட ஆய்வகத்துக்கு இயல்பாக எழும் கேள்வி. துளசிச் சாற்றின் களைப்பு நீக்கும் தன்மையை எலிகளிடம் சோதித்த ஆய்வு ஒன்றும் இங்கிருந்து வெளிவந்திருக்கிறது. உலகெங்கும் இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே முறையில் நடக்கின்றன. எலியின் வாலில் சிறு எடையைக் கட்டித் தண்ணீரில் விடுவார்கள். சோர்ந்து மூழ்கத் தொடங்கும்வரை எவ்வளவு நேரம் நீந்துகிறது என்று பார்ப்பார்கள். பிறகு ரத்தத்தில் லாக்டேட், தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்னும் சேமித்த சர்க்கரை ஆகியவற்றை அளப்பார்கள். முதல் கட்ட ஆய்வுக்கு இது பயனுள்ள முறை. ஆனால் எலி நீந்திய நேரத்திலிருந்து நேராக மனிதர் ஓடும் நேரத்துக்குத் தாவிவிடுகிறது சத்துப் பொடி டப்பாவில் ஒட்டிய விளம்பரம். அந்தத் தாவலை நான் ஏற்கவில்லை. உயிருக்குப் பயந்து நீந்தும் எலியின் களைப்பு வேறு. நானூறு மீட்டரின் கடைசி வளைவில் ஒரு பெண்ணின் கால் கனப்பது வேறு.

களைப்பு என்பது ஒன்றல்ல, பல. நூறு மீட்டர் ஓட்டத்தின் முதல் சில விநாடிகளுக்குத் தசையில் தயாராக இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் போதும். சுமார் பத்து விநாடிக்குள் அது பெரும்பாலும் வற்றிவிடும். அது உடையும்போது சேரும் பாஸ்பேட் தசை இழைகளின் பிடியைத் தளர்த்துகிறது. மராத்தானில் கதை வேறு. தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் ஈரலில் 100 கிராமும் கிளைகோஜன் இருப்பு. அது தீர்ந்தால் ஓட்டம் நடையாகிவிடும். இவற்றுக்கெல்லாம் மேலே மூளை இருக்கிறது. வெயிலில் உடல் சூடேறும்போது, தசை இன்னும் முடியும் என்றாலும் மூளை வேகத்தைக் குறைத்துவிடும்.

களைப்புக்கும் வலிக்கும் காரணம் என்று லாக்டிக் அமிலத்தின் மேல் நாம் சுமத்திய பழியையும் நீக்கியாக வேண்டும். லாக்டேட் கழிவல்ல. இதயமும் மற்ற தசை இழைகளும் அதை எடுத்து எரிபொருளாக்குகின்றன. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். சாமுண்டி மலையின் ஆயிரத்துச் சொச்சம் படிகளை ஏறும்போது மூச்சு வாங்கும். மறுநாள் தொடை வலிப்பதோ பெரும்பாலும் இறங்கியதால். நீண்டுகொண்டே சுமை தாங்கும் தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதைப் பழுதுபார்க்கும்போது தசை முன்னைவிட உறுதியாகிறது.

இந்த இடத்தில்தான் 'களைப்பு நீக்கி'களின் சிக்கல் தொடங்குகிறது. உடற்பயிற்சியின்போது உடலில் ஆக்ஸிஜனேற்ற மூலக்கூறுகள் பெருகும். அவை தீங்கு என்று எண்ணி வைட்டமின் சி, இ மாத்திரைகளை விழுங்குகிறோம். 2009-ல் ஜெர்மனியில் ஆய்வாளர் ரிஸ்டோவின் குழுவினர் ஏறத்தாழ 40 இளைஞர்களை நான்கு வாரம் பயிற்சி செய்ய வைத்தார்கள். பாதிப் பேருக்குத் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 அலகு வைட்டமின் இ. இன்சுலினுக்கு உடல் நன்றாக இணங்குவது பயிற்சியின் பெரும்பலன்களில் ஒன்று; அது மாத்திரை எடுக்காதவர்களுக்குத்தான் கிடைத்தது. 'வளர வேண்டும்' என்று உடலுக்குச் செய்தி சொல்பவற்றில் அந்த மூலக்கூறுகளும் உண்டு. மாத்திரை அந்தச் செய்தியை அடைத்துவிடலாம். நெல்லிக்காய், கொய்யாவை விட்டுவிட வேண்டாம். எச்சரிக்கை மாத்திரையின் பேரளவுக்குத்தான்.

எதுவுமே பயனில்லையா? அப்படியில்லை. 2018-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழு, ஆட்டத்திறனை நேரடியாகக் கூட்டுவதற்கு நல்ல சான்றுள்ளவை என்று ஐந்தைத்தான் சொன்னது: காஃபின், கிரியேட்டின், நைட்ரேட், பீட்டா அலனின், சோடியம் பைகார்பனேட். அவையும் குறிப்பிட்ட போட்டிகளில், குறிப்பிட்ட அளவில்தான். கிரியேட்டின் இயல்பாக இறைச்சியிலும் மீனிலும் உள்ளது; சைவ உணவுக்காரர்களின் தசையில் இருப்பு குறைவு என்பதால் அவர்களுக்குப் பலன் கூடுதலாகத் தெரியலாம். நைட்ரேட் பீட்ரூட்டிலும் கீரையிலும் கிடைக்கிறது. புரதத்துக்கு, கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கே உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் போதும். பருப்பு, முட்டை, பால், மீன், சுண்டல் சேர்ந்த சாப்பாட்டில் பலருக்கும் அது கிடைத்துவிடும். வாரத்தில் மூன்று நாள் ஜிம்முக்குப் போகும் கல்லூரி மாணவர் மாதம் சில ஆயிரம் ரூபாயைப் பொடி டப்பாவில் கொட்டுவதற்கு அறிவியலில் எனக்கு ஆதாரம் தெரியவில்லை.

பணம் போனால் போகட்டும், பேர் போனால்? கர்நாடகத்தின் அஸ்வினி அக்குஞ்சியை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் 4x400 மீட்டர் தொடரோட்டத் தங்கம். அதே ஆண்டு குவாங்சூ ஆசியப் போட்டியில் தொடரோட்டத்திலும் 400 மீட்டர் தடை ஓட்டத்திலும் தங்கம். 2011-ல் அவரும் சக ஓட்டக்காரர்களும் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். வெளிநாட்டுக் கோச் கொடுத்த ஜின்செங் மாத்திரையில் கலப்படம் இருந்தது என்பது அவர்கள் தரப்பு விளக்கம். கோச் நீக்கப்பட்டார். முதலில் ஓராண்டாக இருந்த தடையை 2012-ல் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் இரண்டாண்டாக்கியது. விதி இரக்கமற்றது: உடலில் என்ன இருந்தாலும் அதற்கு வீரரே பொறுப்பு, யார் கொடுத்தது என்பது அடுத்த கேள்வி. 2022-ல் உலக அளவில் அதிகச் சோதனை நடத்திய நாடுகளில் இந்தியாவின் விகிதம்தான் மிக மோசம்: 3,865 மாதிரிகளில் 125-ல் தடைசெய்யப்பட்ட பொருள்.

ஆகவே கோச்சுகளிடமும் பெற்றோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். மாவட்டப் போட்டிக்குப் போகும் பிள்ளையின் பையில் பெயர் தெரியாத பொடி இருந்தால், அது எந்தக் கடையில் வாங்கியது, யார் சொல்லி வாங்கியது என்று விசாரியுங்கள். தடைப் பொருள் இல்லை என்று தொகுதி வாரியாகச் சோதித்துச் சான்று பெறாத எதையும் கொடுக்காதீர்கள். பிள்ளை களைத்துப்போனதாகச் சொன்னால், முதலில் அது எத்தனை மணி நேரம் தூங்கியது, காலையில் என்ன சாப்பிட்டது என்று கேளுங்கள்.