மெட்ரிக் முன்னொட்டுகளும் அளவு ஒப்பீடும்

மெட்ரிக் முன்னொட்டு என்பது ஓர் அலகின் பெயருக்கு முன் சேர்ந்து, அவ்வலகு பத்தின் எந்த அடுக்கால் பெருக்கப்படுகிறது என்பதைக் குறிக்கும் சொற்கூறு ஆகும். கிலோ ஆயிரம் மடங்கையும், மெகா பத்து இலட்சம் மடங்கையும், மில்லி ஆயிரத்தில் ஒரு பங்கையும், மைக்ரோ பத்து இலட்சத்தில் ஒரு பங்கையும் குறிக்கின்றன. 2022 ஆம் ஆண்டில் ரோன்னா, குவெட்டா, ரோன்டோ, குவெக்டோ ஆகியன சேர்க்கப்பட்டபின் இவற்றின் எண்ணிக்கை 24 ஆனது. பள்ளிக் கணக்குகளுக்கு ஏழெட்டே போதும்.

ஒப்பிடும் முறை

முன்னொட்டுகள் வேறுபடும்போது எண்களை மட்டும் பார்த்து அளவுகளை ஒப்பிட இயலாது. இரண்டையும் ஒரே அலகுக்கு மாற்ற வேண்டும். எடுத்துக்காட்டாக, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் குற்றாலத்திலும் தென்காசியிலும் பெய்யும் சாரலைக் கொள்ளலாம். வானிலையியலில் 0.5 மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுடைய நுண்துளிகளாகப் பெய்வது தூறல் எனப்படும். 300 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள தூறல் துளியையும் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள மழைத்துளியையும் ஒப்பிட்டால், 300 என்பது பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் 300 மைக்ரோமீட்டர் என்பது 0.3 மில்லிமீட்டரே. மழைத்துளியின் விட்டம் ஏறத்தாழ 6.7 மடங்கு, அதிலுள்ள நீரோ ஏறத்தாழ 300 மடங்கு.

பரப்பளவும் கன அளவும்

மாணவர்கள் மிகுதியாகத் தவறுவது இங்கேதான். அலகு அடுக்கேறும்போது முன்னொட்டும் உடன் அடுக்கேறும். 1 சதுர கிலோமீட்டர் என்பது 1,000 சதுர மீட்டர் அன்று. 1,000 × 1,000, அதாவது 10 இலட்சம் சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். எனவே ஒரு சதுர கிலோமீட்டரில் கிடைப்பது 10 இலட்சம் லிட்டர், அதாவது 1 மெகாலிட்டர். பிழையாக 1,000 சதுர மீட்டர் எனக் கொண்டால், ஒரு வீட்டுத் தொட்டியளவு நீரே விடையாக வரும்.

கடனா, இராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் முதலிய தென்காசி மாவட்ட அணைகளின் கொள்ளளவு மில்லியன் கன அடியில் தரப்படுகிறது. இங்கு 'மில்லியன்' முன்னொட்டு அன்று, எண்ணுப்பெயர். ஆதலால் அது அடுக்கேறாது. ஒரு மில்லியன் கன அடி ஏறத்தாழ 28.3 மெகாலிட்டர் ஆகும். ஒரு சதுர கிலோமீட்டரில் பெய்யும் 28.3 மில்லிமீட்டர் மழைநீர் முழுவதும் அணையை வந்தடைந்தால் (நடைமுறையில் மண் ஒரு பகுதியை உறிஞ்சிவிடும்) இவ்வளவு நீர் சேரும். மாறாக, 1 கன கிலோமீட்டர் என்பது 100 கோடி கன மீட்டர்.

குறியீடுகள்

ஆங்கில எழுத்தான 'எம்' பெரிய எழுத்தாயின் மெகா, சிறிய எழுத்தாயின் மில்லி. ஒரு காற்றாலையின் திறனான 2 மெகாவாட்டை எழுதுகையில் எழுத்து மாறிவிட்டால், அது 2 மில்லிவாட் ஆகி, மதிப்பு 100 கோடி மடங்கு குறைந்துவிடும்.