பணியாத மணல்நிலம்: கற்பனைப் பேரரசும் அதற்கு அடங்காத அரசுகளும்

மிகுபுனைவு எனப்படும் ஃபேன்டஸி இலக்கியத்தில் ஆசிரியர் ஓர் உலகத்தையே படைக்கிறார். அவ்வுலகின் நிலவியல், மொழிகள், குலமரபுகள், சட்டங்கள், போர்கள் ஆகியவை சேர்ந்த பின்புல வரலாறே அதன் தொன்மரபு எனப்படுகிறது. இத்தகைய தொன்மரபுகளில் பேரரசை எதிர்த்து நின்ற அரசர்களுக்குத் தனியிடம் உண்டு. ஆனால் அரசனின் வீரத்தை மட்டும் வைத்து அந்த எதிர்ப்பை வாசகர் நம்பும்படி எழுதிவிட முடியாது. நாட்டின் நிலமும் நீரும் மக்களின் பழைய நினைவும் அதைத் தாங்க வேண்டும், அதற்குக் கொடுத்த விலையும் மறைக்கப்படாமல் சொல்லப்பட வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் படைத்த டோர்ன் நாட்டின் வரலாறு இதை நன்கு விளக்குகிறது.

மார்ட்டினின் நாவல் வரிசை 1996இல் 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நூலுடன் தொடங்கியது. அதன் பின்புல வரலாறு, 2014இல் இருவருடன் இணைந்து அவர் வெளியிட்ட 'தி வேர்ல்டு ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்', 2018இல் வெளிவந்த 'ஃபயர் அண்ட் பிளட்' ஆகிய நூல்களில் விரிவாக எழுதப்பட்டது. வெஸ்டெரோஸ் என்ற அவரது கற்பனைக் கண்டத்தில், ஏகான் டார்கேரியன் என்பவன் தன் இரு சகோதரிகளுடன் மூன்று டிராகன்கள் மீதேறி வந்து, ஏழு அரசுகளில் ஆறினைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவருகிறான். தென்கோடியில், மலைக்கணவாய்களுக்கு அப்பால் பாலை மணல் விரிந்த டோர்ன் மட்டும் அவனுக்குப் பணியவில்லை.

அந்தப் பணியாமையின் வேர் ஏகானின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. ரோய்ன் என்னும் பேராற்றின் கரையில் வாழ்ந்த மக்கள், டிராகன்களைப் படையாகக் கொண்ட வலீரியப் பேரரசை எதிர்த்தபோது, காரின் என்ற இளவரசன் 2,50,000 வீரர்களைத் திரட்டி, தொடக்கத்தில் சில வெற்றிகளும் பெற்று, இறுதியில் டிராகன் நெருப்பில் படை முழுவதையும் இழந்தான். இது வெல்ல முடியாத போர் என்று முன்கூட்டியே எச்சரித்த நைமீரியா என்ற இளவரசி, எஞ்சியவர்களைக் கப்பல்களில் ஏற்றிக்கொண்டு, நெடுங்கால அலைச்சலுக்குப் பின் டோர்ன் கரையை அடைந்தாள். திரும்பிச் செல்லும் எண்ணமே எவருக்கும் எழாதபடி கப்பல்களை எரித்தாள். மோர்ஸ் மார்ட்டெல் என்ற உள்ளூர்த் தலைவனை மணந்து அந்நாட்டை ஒன்றிணைத்தாள். அவளும் ஆறு அரசர்களைத் தோற்கடித்துப் பொன் விலங்கிட்டு வடக்கே அனுப்பியவளே. ஆண் பெண் வேறுபாடின்றி மூத்த பிள்ளைக்கே ஆட்சியுரிமை என்பது அவளுடைய மக்கள் கொண்டுவந்த சட்டம். ஏகானின் காலத்தில் டோர்னை மெரியா மார்ட்டெல் என்ற எண்பது வயதுப் பார்வையற்ற மூதாட்டி ஆண்டதற்கும் இச்சட்டமே காரணம்.

மெரியா செய்த போரைக் காரினின் தோல்வியிலிருந்து கற்ற பாடமாகவே வாசிக்கலாம். டிராகன் எரிப்பதற்குத் திரண்ட படையோ ஆள் நிறைந்த கோட்டையோ வேண்டும்; அவை இரண்டையும் அவள் எதிரியின் கண்ணில் காட்டவில்லை. ஏகானின் படைகள் வந்தபோது கோட்டைகள் வெறிச்சோடிக் கிடந்தன. ஆட்கள் மணலிலும் மலையிலும் மறைந்திருந்தனர். கிணறுகள் தூர்க்கப்பட்டோ நஞ்சிடப்பட்டோ இருந்தன. பாலைவனத்துக்குள் நுழைந்த ஒரு பெரும்படை தடயமின்றி மறைந்தது. நேருக்கு நேர் மோதாமல் மறைந்திருந்து தாக்கும் கெரில்லாப் போர்முறை இது. போரின் நடுவே ஹெல்ஹோல்ட் கோட்டையிலிருந்து பெருவிற்பொறி ஒன்று ஏவிய இரும்புக்கணை மெராக்சிஸ் என்ற டிராகனின் கண்ணில் பாய, அது தன்மீது அமர்ந்திருந்த, ஏகானின் சகோதரியான அரசி ரெய்னிஸுடன் வீழ்ந்தது.

மார்ட்டின் இந்த எதிர்ப்பைப் புனிதப்படுத்தவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. டோர்னியர் தம்மிடம் சிறைப்பட்ட பிரபுக்களின் வாளேந்தும் கையை வெட்டியே திருப்பி அனுப்பினர். ரெய்னிஸின் மரணத்துக்குப் பழிவாங்க, ஏகான் டோர்னின் கோட்டைகளை மீண்டும் மீண்டும் எரித்தான். இரு தரப்பிலும் சாவுக்குக் குறைவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் முதலாம் டேரான் என்ற இளம் அரசன் டோர்னை வென்று அதைப் பற்றி நூலும் எழுதினான். ஆனால் நாட்டை வெல்ல 10,000 பேரை இழந்தவன், அதை அடக்கி வைக்க முயன்று அதைவிடப் பன்மடங்கு பேரை இழந்தான்; சமாதானக் கொடியின்கீழ் நடந்த சந்திப்பிலேயே தானும் கொல்லப்பட்டான். பின்னர் டார்கேரியன், மார்ட்டெல் குலங்களுக்கிடையே நடந்த திருமணங்கள் வழியாகத்தான் டோர்ன் பேரரசுடன் இணைந்தது. இளவரசர் என்ற பட்டத்தையும் தன் சட்டங்களையும் அப்போதும் அது விட்டுக்கொடுக்கவில்லை.

இவ்வரலாற்றை எழுதியவர் யார் என்ற கேள்வியும் அதே அளவு முக்கியமானது. 'ஃபயர் அண்ட் பிளட்' நூல், அவ்வுலகிலேயே வாழும் கில்டெய்ன் என்ற அறிஞர் டார்கேரியன் அரசர்களைப் பற்றி எழுதிய வரலாறாக அமைக்கப்பட்டிருப்பதால், டோர்னியரை வாசகர் பெரிதும் எதிர்த்தரப்பின் ஏடுகள் வழியாகவே அறிகிறார். மெய்யான வரலாற்றிலும் இதுவே நிகழ்ந்தது. இன்றைய ஸ்காட்லாந்துப் பகுதியில் ரோமானியரை எதிர்த்த கால்ககஸ் என்ற தலைவனைப் பற்றி அறியக் கிடைக்கும் ஒரே மூலம் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98 அளவில் எழுதிய நூல். பேரரசைக் கண்டித்து அத்தலைவன் நிகழ்த்தியதாக அதில் உள்ள உரையையும் டாசிட்டஸே இயற்றியிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகின்றனர்.

ஆகவே ஒரு கற்பனை உலகில் பணியாத அரசனைப் படைக்க விரும்புவோர், அவனுடைய வாளுக்குப் பெயர் சூட்டுவதற்கு முன், அவன் நாட்டுக் கிணறுகள் எங்கே இருக்கின்றன, அவனுடைய முன்னோர் எந்தப் போரில் தோற்றனர், அவன் கதையை யார் ஏட்டில் பதிந்தனர் என்பவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மெரியா இறந்தபின், அவள் மகன் நைமோர் தன் மகள் வழியாக ஏகானுக்கு மெராக்சிஸின் மண்டையோட்டையும் ஒரு கடிதத்தையும் அனுப்பினான். ஏகான் அதைப் படித்து முடித்ததும் எரித்துவிட்டு, விரைவிலேயே சமாதானத்துக்கு இசைந்தான். பேரரசைப் பணியவைத்த அந்தச் சொற்கள் எவையென்று அவ்வுலகின் எந்த ஏட்டிலும் இல்லை. டோர்னியர் தம் கையால் எழுதியது பேரரசனின் கையிலேயே சாம்பலானது.