ஓர் ஊசி, ஒரு நூல்: குறோசே பின்னலை நாமே கற்றுக்கொள்வோம்

விதைப்பு, களையெடுப்பு, நீர் பாய்ச்சல், அரிவு வெட்டு, சூடடிப்பு என்று ஆண்டு முழுவதும் ஓடிய கைகளுக்கு, நிலத்தை விட்டு வந்தபின் வேலை இல்லை. நிவாரண வரிசையிலும் கச்சேரி வாசலிலும் வைத்தியசாலை வாங்கிலும் மணிக்கணக்காகக் காத்திருக்கிறோம். இந்த நேரத்தில் கைக்கு ஏற்ற ஒரு தொழிலைக் கற்க முடியுமா என்று பல தாய்மார் கேட்கின்றனர். தையல் இயந்திரத்துக்குப் பணமும் இடமும் வேண்டும். தறிக்கு வீடு வேண்டும். குறோசேக்கு வேண்டியது கொக்கி உள்ள ஓர் ஊசியும் ஒரு நூற்பந்தும் மாத்திரமே.

புதிதாகக் கற்பவருக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. குறோசேயில் எப்போதும் ஒரேயொரு கண்ணிதான் ஊசியில் உயிரோடு இருக்கும். பிள்ளை அழுதால் அந்தக் கண்ணியைச் சற்றுப் பெரிதாக இழுத்துவிட்டு எழுந்து போகலாம். பிழைத்தால் நூலை இழுத்துப் பிரித்து மீண்டும் பின்னலாம். வெட்டிய துணி திரும்பி வராது, பிரித்த நூல் திரும்பி வரும். ஆகவே ஆசிரியர் இல்லாமலே இதைப் பழகலாம்.

பஞ்சகாலத்தில் பரவிய தொழில்

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை வெளிறல் நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளிலும் அறுவடை பொய்த்தது. ஏறக்குறைய 10 இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் இறந்தனர். அதேயளவு மக்கள் நாட்டை விட்டு வெளியேறினர். அவர்களிற் பெரும்பாலோர் பிறர் காணியில் பயிரிட்டு வாழ்ந்த சிறு விவசாயிகள்.

அந்நாட்களில் கோர்க் நகருக்கு அருகேயிருந்த உர்சுலைன் கன்னியர் மடத்தில் பெண்களுக்கும் சிறுமியருக்கும் குறோசே கற்பிக்கப்பட்டது. 1847இல் வடபகுதியில் உள்ள குளோனிஸ் என்னும் ஊரில், அங்கிருந்த அங்கிலிக்கன் போதகரின் மனைவி கசான்ட்றா ஹான்ட் இதே தொழிலைத் தொடக்கி வைத்தார். ஐரோப்பாவின் விலையுயர்ந்த ஊசி றேந்தையைப் போன்ற தோற்றத்தை, அதைவிட விரைவாகக் கொக்கி ஊசியாற் கொண்டுவரலாம் என்பதே இதன் பலம். ரோசாப்பூ, இலை என்று ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே பின்னிப் பின்னர் வலைபோல் இணைத்தனர். ஊசி வாங்க முடியாதவர்கள் கம்பியை அராவி, மரப்பிடியில் இறுக்கிப் பயன்படுத்தினர்.

வேண்டிய பொருட்கள்

முதல் ஊசி 4 மில்லிமீற்றர் அளவில் இருப்பது நல்லது. அதற்கேற்ற தடித்த பருத்தி நூலையோ கம்பளி நூலையோ எடுங்கள். வெளிர் நிறமாக இருந்தால் கண்ணிகள் தெளிவாகத் தெரியும். கறுப்பு நூலில் பழகுவது கண்ணுக்கு வருத்தம். மெல்லிய றேந்தை நூலில் இலக்கம் கூடக்கூட நூல் மெலியும். 20ஆம் இலக்கத்தைவிட 40ஆம் இலக்கம் மெல்லியது. அதைக் கை பழகியபின் எடுக்கலாம்.

ஊசி கிடைக்காவிட்டால் முற்றிய மூங்கிற் சிம்பைச் சீவி, நுனியில் கொக்கி வெட்டி, அரத்தாளால் நன்றாகத் தேய்த்து, மெழுகுதிரி பூசிக்கொள்ளுங்கள். பழைய மயிர்ச்சட்டையைப் பிரித்தால் நூல் கிடைக்கும். கிழிந்த சேலை, சாரத்தை ஓர் அங்குல அகலமான நாடாக்களாகக் கிழித்து, விரற்பருமனான மூங்கில் ஊசியாற் கால்மிதி பின்னலாம்.

முதற்படி: சங்கிலி

1. நூலின் நுனியில் ஒரு சாண் விட்டு ஒரு வளையம் போடுங்கள். பந்துப் பக்கத்து நூலை அதனூடாகக் கண்ணியாக இழுத்து, ஊசியில் மாட்டி மெல்ல இறுக்குங்கள்.

2. ஊசியை வலக்கையில் பென்சிலைப்போலவோ கத்தியைப்போலவோ பிடிக்கலாம். பந்திலிருந்து வரும் நூலை இடக்கைச் சின்னவிரலில் ஒருமுறை சுற்றிச் சுட்டுவிரலின் மேலாக எடுங்கள். முடிச்சைப் பெருவிரலும் நடுவிரலும் பிடிக்கட்டும். இடக்கைப் பழக்கமுள்ளோர் கைகளை மாற்றிக்கொள்ளலாம்.

3. நூலை ஊசியின்மேற் சுற்றி, கொக்கியாற் பிடித்து, ஊசியில் உள்ள கண்ணியினூடாக இழுங்கள். இது ஒரு சங்கிலி.

20 சங்கிலி பின்னிப் பாருங்கள். பிரியுங்கள். மீண்டும் பின்னுங்கள். எல்லாக் கண்ணியும் ஒரே அளவில் வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். அநேகர் நூலை அளவுக்கு மீறி இறுக்குகின்றனர். கண்ணியினுள் ஊசி தாராளமாகப் போய்வர வேண்டும்.

இரண்டாம் படி: குட்டைப் பின்னல்

16 சங்கிலி பின்னுங்கள். ஊசியில் இருக்கும் கண்ணியைச் சங்கிலியாக எண்ணக் கூடாது. ஊசிக்கு அடுத்த சங்கிலியைத் தவிர்த்து, இரண்டாவதில் ஊசியைக் குத்தி, நூலைப் பிடித்து வெளியே இழுங்கள். இப்போது ஊசியில் இரண்டு கண்ணிகள் உண்டு. மீண்டும் நூலைச் சுற்றி இரண்டினூடாகவும் ஒரேயடியாக இழுங்கள். ஒரு பின்னல் முடிந்தது. வரி முடிவில் 15 பின்னல்கள் இருக்க வேண்டும்.

ஒரு சங்கிலி பின்னி வேலையைத் திருப்புங்கள். முதலாவது பின்னலிலிருந்தே அடுத்த வரியைத் தொடங்குங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் தெரியும் இரண்டு இழைகளுக்கும் அடியால் ஊசி போக வேண்டும். ஒவ்வொரு வரியையும் எண்ணுங்கள். 15 என்பது 14 ஆகி, 13 ஆகினால் சதுரம் முக்கோணமாகிவிடும். பெரும்பாலும் கடைசிப் பின்னல் தவறிப்போவதே காரணம். வரியின் முதற் பின்னலில் வேறுநிற நூலொன்றைக் கட்டி வைத்தால் ஓரம் எது என்பது தெரியும்.

மூன்றாம் படி: நெட்டைப் பின்னலும் வட்டமும்

நெட்டைப் பின்னலுக்கு, ஊசியைக் குத்துமுன் நூலை ஒருமுறை சுற்றுங்கள். குத்தி இழுத்தபின் மூன்று கண்ணிகள் இருக்கும். நூலைச் சுற்றி இரண்டினூடாக இழுங்கள். மறுபடியும் சுற்றி மீதி இரண்டினூடாக இழுங்கள். வரித் தொடக்கத்தில் 3 சங்கிலி பின்னினால் அதுவே முதலாவது நெட்டைப் பின்னலாகும். வேலை விரைவாக வளரும், நூலும் மிஞ்சும்.

வட்டத்துக்கு, 4 சங்கிலி பின்னி, முதற் சங்கிலியில் ஊசியைக் குத்தி, நூலைப் பிடித்து ஊசிக் கண்ணியினூடாகவும் சேர்த்து இழுத்து வளையமாக்குங்கள். ஒரு சங்கிலி போட்டு, வளையத்தினுள் 6 குட்டைப் பின்னல் பின்னுங்கள். அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டாக 12. அதற்கடுத்து 18, பின்னர் 24. ஒவ்வொரு சுற்றிலும் 6 கூட வேண்டும், அவற்றை இடைவெளி பார்த்துப் பரவலாகக் கூட்டுங்கள். வட்டம் கிண்ணம்போல் குழிந்தால் குறைவாகக் கூட்டியிருக்கிறீர்கள். ஓரம் சுருங்கி அலைபோல் நெளிந்தால் அதிகம் கூட்டியிருக்கிறீர்கள். பாற்குவளை மூடியும் குழந்தையின் தொப்பியும் இந்தக் கணக்கிலேதான் பிறக்கின்றன.

முடிக்கும்போது நூலைக் கால்முழம் விட்டு வெட்டி, கடைசிக் கண்ணியினூடாக முழுதும் இழுத்து, நுனியைப் பின்னலுக்குள் கோர்த்து மறைத்துவிடுங்கள்.

மாதிரிப் புத்தகம் கிடைத்தால் ஒரு கவனம் வேண்டும். நாம் குட்டைப் பின்னல் என்றதை ஆங்கிலேயப் புத்தகங்கள் 'டபிள் குறோசே' என்றும், அமெரிக்கப் புத்தகங்கள் 'சிங்கிள் குறோசே' என்றும் சொல்கின்றன. புத்தகம் எந்த நாட்டுக்குரியது என்பதைப் பார்த்தபின் தொடங்குங்கள்.

விற்குமுன் கணக்குப் பாருங்கள்

முதற் சில மாதங்கள் வீட்டுக்கே பின்னுங்கள். விற்க எண்ணினால், ஒரு கொப்பியில் நூலின் விலையையும் செலவிட்ட மணித்தியாலங்களையும் எழுதி வையுங்கள். ஒரு தலையணை உறையின் ஓரத்துக்கு 6 மணித்தியாலம் சென்று, கையில் வந்தது நூலின் விலை மாத்திரம் என்றால் அது வருமானம் அல்ல. வியாபாரி விலை சொல்லுமுன் நமது விலை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான்கைந்து பெண்கள் சேர்ந்து நூலை மொத்தமாக வாங்கினால் செலவும் குறையும், பொருளைக் குறைந்த விலைக்குக் கொடுக்கும் நெருக்கடியும் குறையும்.

அயர்லாந்தில் குறோசே பல வீடுகளில் அடுப்பெரிய உதவியது. ஆனால் தூர நகரங்களின் நாகரிகம் மாறியபோது அந்தச் சந்தையும் சரிந்தது. ஆகவே இது நிலத்துக்கு ஈடான தொழில் என்று நாம் சொல்ல மாட்டோம். கைச்செலவுக்கு உதவும் ஒரு பக்கத் தொழிலாக இதைக் கொள்வோம்.

பகல் வெளிச்சத்தில் பின்னுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டு மணிக்கட்டை உதறிக்கொள்ளுங்கள். பையன்களையும் விலக்க வேண்டாம். வலை பின்னும் கைக்கு இது அந்நியமான வேலையல்ல. முதல் வாரத்துக்கு 15 பின்னல் உள்ள ஒரு சதுரம் போதும். அதன் நான்கு ஓரங்களும் நேராக வந்ததும், அருகில் இருப்பவர் ஒருவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.