மயில்துத்தமும் மூளை யந்திரமும்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற செய்தி நேயர்கள் அறிந்ததே. ஆனால் மழை பிடித்தால் இலையின் அடியில் வெண்மையாய்ப் படரும் அடிச்சாம்பல் நோய், குறியீட்டைப் பார்த்து ஒதுங்குவதில்லை!

இந்நோய்க்குப் பழைய மருந்து மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை. அது பிறந்த கதை வேடிக்கையானது. பிரான்ஸ் தேசத்தில், பாதையோரக் கொடிகளில் பழம் திருடுவோரை விரட்டத் தோட்டக்காரர்கள் இத்தகைய கலவையைத் தெளித்து வந்தார்கள். அக்கொடிகள் மட்டும் நோயின்றி நிற்பதை 1882-ல் மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். திருடனுக்கு விரித்த வலையில் நோய் சிக்கிக்கொண்டது!

ரசாயன விஞ்ஞானி இனி இப்படி அதிர்ஷ்டத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. மனிதரைத் தாக்கும் பாக்டீரியாக்களுக்கு மருந்து தேடிய அமெரிக்க எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள், சுமார் 2,300 மூலக்கூறுகளின் குணங்களைச் செயற்கை நுண்ணறிவுக்குப் புகட்டினார்கள். அது பத்துக் கோடிக்கு மேற்பட்ட மூலக்கூறுகளைச் சலித்துப் பொறுக்கியவற்றில் 23-ஐச் சோதித்ததில் 8 பலித்தன. 2020-ல் வெளியான செய்தி இது. பயிர் மருந்து தேடுவோரும் இப்போது இம்முறையைக் கையாளுகிறார்கள்.

மீதி 15 பொய்த்தன அல்லவா? யந்திரம் பொறுக்கித் தரும். பலிப்பதைச் சொல்ல வேண்டியது சோதனைச்சாலையும் தோட்டமும்தான். அதிலும் கம்பத்தில் ஆண்டு முழுவதும் திராட்சை அறுவடை. பிரான்ஸ் கொடிக்குள்ள குளிர்கால ஓய்வு இங்கில்லை. புது மருந்து எதுவானாலும் இந்த இலைகளிலேயே தெளித்துப் பார்த்தாக வேண்டும்.