தூர்த்த கிணற்றைத் திரும்பத் தோண்டியவர்



பத்தாம் வகுப்புத் தமிழில் ‘தேம்பாவணி’ படிக்கிறோம். அதை எழுதிய வீரமாமுனிவர் 1680-ல் இத்தாலியில் பிறந்தவர். ஆனால் அவர் தங்கி உழைத்த ஊர்களில் ஒன்று நம்ம பக்கத்துலயே இருக்கு: அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சி. அங்குள்ள அடைக்கல மாதா கோயில் அவர் எழுப்பியது. தேம்பாவணியின் தலைவர் சூசையப்பர். அவருக்கு முனிவர் வைத்த தமிழ்ப் பெயர் ‘வளன்’. இடையிடையே பழைய ஏற்பாட்டுக் கதைகளும் வரும். யூதர்களின் நாட்டை அவர் வருணிக்கும்போது, வயலும் வாய்க்காலுமாக நம்ம தமிழ்நாடு மாதிரியே இருக்கும். கதை கேட்பவரின் ஊருக்குள் வந்தால்தான் மனசுக்குள் போகும்!

அதேபோல ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, யோசேப்பு என்ற முற்பிதாக்களை நம்ம எறையூருக்கு அழைத்து வருவோமா? அவர்கள் ஆடு மாடு மேய்த்தவங்க. கிணறு வெட்டினவங்க. பஞ்சம் வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினவங்க. பெரம்பலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்லணுமா என்ன?

“நாங்க கிறிஸ்தவங்க இல்லையே” என்று சில நண்பர்கள் கேட்கலாம். முஸ்லிம் நண்பர்களுக்கு ஆபிரகாம்தான் இப்ராஹீம் நபி. பக்ரீத் அவருடைய தியாகத்தை நினைத்துக் கொண்டாடுவதுதான். மற்றவர்களும் படிக்கலாம். காத்திருப்பதும், சொத்துச் சண்டையும், அண்ணன் தம்பி மனஸ்தாபமும் எல்லா வீட்டிலும் உண்டே!

1. ஆபிரகாம்: காத்திருந்தவர்

கடவுள் சொன்னார் என்று 75 வயதில் ஆரான் என்ற ஊரை விட்டுக் கிளம்பினார். பெரிய சந்ததி உண்டாகும் என்பது வாக்கு. ஈசாக்கு பிறந்தபோது அவருக்கு வயது 100. நடுவில் 25 வருஷம்! கரும்பு நட்டுவிட்டு ஆலையின் கட்டிங் ஆர்டருக்காகக் காத்திருக்கும் நம்ம வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்கள், ஒரு வருஷமே எவ்வளவு நீளம் என்று சொல்லுவாங்க. அந்த நாடே உன் சந்ததிக்கு என்று கேட்டவர், அங்கே விலை கொடுத்து வாங்கியது மனைவி சாராளை அடக்கம் செய்ய ஒரு நிலமும் குகையும்தான். விலை 400 சேக்கல் வெள்ளி. முழுசாகக் கண்ணால் பார்க்காத ஒன்றுக்காக நடந்துகொண்டே இருந்தார். விசுவாசம் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை.

2. ஈசாக்கு: தோண்டியவர்

இவரைப் பற்றி அதிகம் பேச மாட்டாங்க. ஆனால் நமக்கு மிக நெருக்கமானவர் இவர்தான். அப்பா காலத்தில் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தர் மண்ணைப் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். ஈசாக்கு அவற்றைத் திரும்பத் தோண்டி, அப்பா வைத்த பெயர்களையே வைத்தார். புதுக்கிணறு வெட்டினார். “தண்ணி எங்களுது” என்று சண்டைக்கு வந்தார்கள். அதை விட்டுவிட்டு இன்னொன்று வெட்டினார். அதற்கும் சண்டை! மூன்றாவதற்கு யாரும் வரவில்லை. அதற்கு ரெகொபோத் என்று பெயர் வைத்தார். ‘விசாலமான இடம்’ என்று அர்த்தம்.

பங்காளிகள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் கிணறுகள் நம்ம பக்கம் உண்டு. ஒரு முறை தப்பினால் மண்வெட்டி தூக்குகிறவர்களும் உண்டு, வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைகிறவர்களும் உண்டு. அப்போ எல்லாத்தையும் விட்டுக்கொடுத்துட்டே போகணுமா? அப்படி இல்லை. பிறகு அந்த நாட்டு ராஜா தேடி வந்தபோது, “என்னை வெறுத்துத் துரத்தினீங்களே, இப்ப ஏன் வந்தீங்க?” என்று ஈசாக்கு முகத்துக்கு நேராகவே கேட்டார். கேட்டுவிட்டு விருந்தும் வைத்தார். சண்டையை விட்டார், தோண்டுவதை விடவில்லை.

3. யாக்கோபு: மாறியவர்

ஆட்டுத்தோலைக் கையில் சுற்றிக்கொண்டு, கண் தெரியாத அப்பாவை ஏமாற்றி, அண்ணன் ஏசாவுக்குரிய ஆசீர்வாதத்தை வாங்கியவர் இவர். வேதம் இதை மறைக்கவில்லை. பின்னாளில் இவருடைய பிள்ளைகளே, தம்பி யோசேப்பின் அங்கியை ஆட்டு ரத்தத்தில் தோய்த்துக் காட்டி இவரை ஏமாற்றினார்கள்! அதே ஆடு, அதே பொய். ஆகவே முற்பிதாக்கள் செய்ததெல்லாம் நாமும் செய்ய வேண்டியவை அல்ல. ஆனால் 20 வருஷம் கழித்து யாக்கோபு அண்ணனைத் தேடிப் போய், ஏழு முறை தரையில் குனிந்து வணங்கினார். ஏசா ஓடி வந்து கட்டிப்பிடித்து அழுதார். குனிந்ததால் யாக்கோபு சின்னவராகிவிடவில்லை.

4. யோசேப்பு: சேமித்தவர்

17 வயதில், அதாவது நம்ம பிளஸ் டூ அண்ணன்கள் வயதில், 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டார். எகிப்து ராஜா முன் நின்றபோது வயது 30. நடுவில் 13 வருஷம் அடிமையாகவும் கைதியாகவும் இருந்தார். அங்கேயும் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தார். அதுதான் பிறகு உதவியது. விளைச்சல் நன்றாக இருந்த 7 வருஷமும் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்து, அடுத்த 7 வருஷப் பஞ்சத்தில் ஜனங்களைக் காப்பாற்றினார். சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைக்கும் நம்ம விவசாயிகளுக்கு இந்தப் புத்தி புதுசு இல்லை! தானியம் கேட்டு வந்தவர்களில் தன்னை விற்ற அண்ணன்களும் இருந்தார்கள். அவர்களைச் சோதித்துப் பார்த்தார், பிறகு மன்னித்தார்.

நாமே பாடம் கண்டுபிடிக்க மூன்று கேள்விகள்:

★ நினைத்தது நடக்கத் தாமதமானபோது இவர் என்ன செய்தார்?
★ இவர் செய்த தப்பு யாரைப் பாதித்தது?
★ என் வீட்டில் தூர்ந்து கிடக்கும் கிணறு எது?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். பேச்சு நின்றுபோன சித்தப்பா வீடாக இருக்கலாம். மார்க் குறைந்ததும் மூடி வைத்த கணக்குப் புத்தகமாக இருக்கலாம். வெளியூர் வேலைக்குப் போன அப்பாவுக்குப் போன் பண்ணாமல் இருப்பதாகவும் இருக்கலாம்.

மண்ணை யார் போட்டது என்று விசாரித்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் வராது. இன்றைக்கே ஒரு கூடை மண்ணை அள்ளி வெளியே போடுவோம், நண்பர்களே!